பெடாஸிலிருந்து போன முடிச்சு

பெடாஸ்
மலாய் நாடு
12 ஜனவரி 1936

தம்பி வீரமுத்துவுக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய் என்பது உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சந்தோஷம். சுல்தான் பாய் கடை விலாசத்துக்கு எழுதினாயே, அந்த மட்டும் புத்தி இருக்கிறது. அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மெட்ராஸ் முத்திரை புள்ள, நம்ம பயதான்" என்று ஒரு துண்டு கருப்பட்டியும் சேர்த்துக் கொடுத்தார். கருப்பட்டியை வழியிலேயே தின்றேன். கடிதத்தை வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத வருகிறது. திருவிழாவுக்கு நாடகம் போட வந்த கம்பெனியோடு தம்பின் ஊர் ஸ்டேஷனில் ரயிலேறிப் போய்விட்டாய். அன்றைக்கு நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கொடியில் உன் சட்டை இல்லை. ஆற்றுக்குக் குளிக்கப் போயிருப்பாய் என்று சோற்றை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவிடம் சொன்னால் அழுவாள் என்று பயந்தாயாக்கும். அழுதிருப்பேன், ஆனால் கட்டுச்சோறும் கட்டிக் கொடுத்திருப்பேன்.

இங்கே தோட்டத்தில் உன்னைத் தெரிந்தவர்கள் இப்போது யாருமில்லை. ரப்பர் விலை விழுந்த காலத்தில் லயத்து வீடுகளில் பாதிப் பேரைக் கப்பலேற்றி அனுப்பினார்களே, மீதி இருந்தவர்களும் ஒவ்வொருவராக ஊருக்குப் போய்விட்டார்கள். இப்போது இருப்பதெல்லாம் புது ஆட்கள், வேலை வாங்குகிற மண்டோரும் புதுசு. முன்பெல்லாம் என்னை 'வீரமுத்து அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது வெறும் பஞ்சாலை. என்னைப் பெண் கேட்ட ராமசாமியும் போய்விட்டான். தம்பி கல்யாணம் முடியட்டும் என்று நான்தான் தள்ளிப் போட்டேன், அவன் எவ்வளவு நாள் காத்திருப்பான்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மா காய்ச்சலில் கிடந்தபோது உன் கையை என் கையில் வைத்து என்ன சொன்னாள்? இவன் கல்யாணத்தில் தாலிக்கு மூன்றாவது முடிச்சை நீதான் போட வேண்டும் என்றாள். நாத்தனார் முடிச்சு. நீயும் சரி என்று தலையாட்டினாய். பெண் யாராக இருந்தாலும் சரி, ஊர் எதுவானாலும் சரி. நாள் சொல், கப்பலேறி வந்து முடிச்சைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். வேறு எதுவும் உன்னிடம் கேட்க மாட்டேன்.

பஞ்சாலை


மதராஸ்
3 ஏப்ரல் 1936

அக்காவுக்கு,

திட்டுவாய் என்று தெரியும். திட்டு இவ்வளவு சுருக்கமாக முடியும் என்று எதிர்பார்க்கவில்லை. முடிச்சு விஷயம் நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். அம்மா மேல் ஆணை.

நாடகக் கம்பெனி இங்கே வந்ததும் கலைந்து போயிற்று. கொஞ்ச காலம் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். கோயில் வாசலில் படுத்தேன். அதையெல்லாம் எழுதினால் நீ சாப்பிட மாட்டாய், விடு. இப்போது ஒரு பேசும்படக் கம்பெனியில் இருக்கிறேன். திரையில் ஆட்கள் அசைவதோடு பேசவும் பாடவும் செய்வார்கள். சிரம்பானிலும் கொட்டகை வந்துவிட்டதாக இங்கே சொல்கிறார்கள், நீ பார்த்திருக்கிறாயா?

டைரக்டர் ஐயா என்னைச் சோதிக்க நாலு வரி பேசச் சொன்னார். நான் பேசினேன். நடுவில் எப்படியோ மலாய் வார்த்தை விழுந்துவிட்டது, சிரித்துவிட்டார். எந்த ஊர் என்று கேட்டார். தோட்டம், லயம், அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனது எல்லாவற்றையும் சொன்னேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்ததை அடுப்பங்கரைச் சுவரில் கரியால் எழுதி உனக்குச் சொல்லிக் கொடுத்தேனே, அதையும் சொன்னேன். அவர் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். அதையே கதையாக எழுதிவிட்டார், அக்கா. படத்தின் பெயர் 'கரையேறினவன்'. தோட்டக் கூலியின் மகன் இந்தியாவுக்கு வருகிறான், மூட்டை தூக்குகிறான், முன்னேறி மில் முதலாளி ஆகிறான். அந்த வேஷம் எனக்கு. நம்புகிறாயா?

ஒரு சங்கதி. கதையில் வரும் அக்கா கப்பலிலேயே இறந்துவிடுகிறாள். அக்கா உயிரோடு இருந்தால் இவனுக்கு என்ன துக்கம், ஜனங்கள் எதற்கு அழுவார்கள் என்கிறார் டைரக்டர். நீ மனசில் வைத்துக்கொள்ளாதே, கதைதானே. கடைசியில் கல்யாணத்தோடு மங்களமாக முடிகிறது.

இங்கே பாட்டும் பேச்சும் படம் பிடிக்கும்போதே பதிவாகிவிடும். காக்காய் கத்தினால் எல்லாம் வீண், மறுபடி முதலிலிருந்து. காக்காய் விரட்டவே ஒரு ஆளுக்குச் சம்பளம். தோட்டத்தில் காக்காய் விரட்டக் கற்றுக்கொண்டிருந்தால் எனக்கு முன்பே வேலை கிடைத்திருக்கும்.

உன் தம்பி
வீரமுத்து


பெடாஸ்
20 ஜூன் 1936

தம்பிக்கு,

நான் செத்துப்போன செய்தி வந்து சேர்ந்தது. என்ன நோயில் போனேன்? கப்பலில் என்றால் கடலில்தான் போட்டிருப்பார்கள். அம்மாவுக்காவது ரம்புத்தான் மரத்தடியில் ஒரு மேடு இருக்கிறது, எனக்கு அதுவும் இல்லையா? சுல்தான் பாயிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு, "இதையெல்லாம் விளையாட்டாச் சொல்லக் கூடாது புள்ள, நாக்குல தங்கிடும்" என்று அதட்டினார்.

வேடிக்கையாகத்தான் எழுதுகிறேன். ஆனால் உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு, கண்ணாடியில் கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லயத்தில் யாரும் என்னைப் பார்த்துப் பேசாமல் போகிற நாள் இப்போது நிறைய வருகிறது. புது ஆட்கள் அவரவர் ஊர்க்காரர்களோடுதான் உட்காருகிறார்கள். அந்த மாதிரி நாளில் நான் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும். அதன் மேல் இதுவும் வந்து சேர்ந்தது.

சரி, கதைக்கு நல்லதென்றால் கொன்றுகொள்ளுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். கடைசியில் கல்யாணம் என்கிறாயே, நான் இல்லாமல் மூன்றாவது முடிச்சை யார் போடுவார்கள்? எவளாவது கூலிக்கு நிற்கிறவள் வந்து போட்டுவிட்டுப் போவாளா? படமானாலும் எனக்குப் பிடிக்கவில்லை. டைரக்டர் ஐயாவிடம் கேள்.

பஞ்சாலை


மதராஸ்
9 பிப்ரவரி 1937

அக்காவுக்கு,

ஏன் எழுதவில்லை என்று கேட்காதே. மூச்சுவிட நேரமில்லை. படம் பொங்கலுக்கு வந்தது. கொட்டகையை நிறைத்துக்கொண்டு ஓடுகிறது. பத்திரிகைகள் எல்லாம் எழுதுகின்றன, தமிழில் இப்படி ஒரு படம் வந்ததில்லையாம். தெருவில் நடந்தால் ஆட்கள் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். மூட்டை தூக்கிய அதே துறைமுகத்தில் எனக்கு மாலை போட்டார்கள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கல்யாணக் காட்சி எடுத்த அன்று இரண்டு முடிச்சுப் போட்டேன். பின்னால் நின்ற ஒரு அம்மாள் மூன்றாவதைப் போடக் கை நீட்டினாள். எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்துவிட்டது. கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டேன். அவள் இழுக்க, நான் விடவில்லை. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி, வெறும் இடத்தைப் பார்த்தேன். டைரக்டர் கத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கத்தவில்லை, காமிராவையும் நிறுத்தவில்லை. அப்படியே படம் முடிகிறது, மூன்றாவது முடிச்சு இல்லாமல்.

அந்த இடத்தில்தான் கொட்டகையே குலுங்கி அழுகிறது. பத்திரிகைகள் புகழ்வதும் அதைத்தான். எல்லோரும் டைரக்டரின் மேதை என்கிறார்கள். அது பெடாஸ் தோட்டத்து யோசனை என்று எனக்கு மட்டும் தெரியும்.

படம் அங்கேயும் வரும். பார்த்துவிட்டு எழுது.

வீரமுத்து


பெடாஸ்
15 ஆகஸ்ட் 1937

தம்பிக்கு,

படம் பார்த்தேன். சிரம்பானுக்கு வந்தது. தோட்டத்து லாரியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்குப் போனோம். கணக்கு எழுதும் கிராணி வீட்டு அம்மாள்கூட எங்களோடு வந்தாள்.

முதலில் உன் முகம் வந்தது. இளைத்திருக்கிறாய். அப்புறம் என்னைப் பார்த்தேன். ஏனடா, உங்களுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு எந்தப் பெண் பால் வெட்டுவாள்? அதுவும் பூவரச மரத்தில். எங்கள் லயத்துப் பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அவள் கப்பலில் உன் மடியில் தலை வைத்துக் கண்ணை மூடினாளே, அப்போது யாரும் சிரிக்கவில்லை. நானும் அழுதேன். பாவம், நல்ல பெண், சாக வேண்டியவள் இல்லை என்று அழுதேன்.

முடிச்சு வந்தது. நீ திரும்பிப் பார்த்தாய். நேராக என்னைத்தான் பார்த்தாய். எனக்குக் கை எழுந்துவிட்டது, தம்பி. மடியில் இருந்த துண்டில் ஒரு முடிச்சு போட்டேன். பக்கத்தில் ரெம்பாவ் ஊர்க்காரி ஒருத்தி தேம்பிக்கொண்டிருந்தாள். அவளிடம் மெதுவாக, "அந்த அக்கா நான்தான்" என்றேன். அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்து, "எல்லாருக்கும் அப்படித்தாம்மா தோணுது. எனக்கும் ஒரு தம்பி இருந்தான்லா" என்றாள். லாரியிலும் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. கிராணி வீட்டு அம்மாள் மட்டும், வெயிலில் வந்தது உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றாள்.

அதுகூடப் போகட்டும். சுல்தான் பாய் கடையில் ஒரு பத்திரிகை வந்திருக்கிறது. உன் படம் போட்டு, பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள், இது நடிகரின் சொந்தக் கதை, மலாய் நாட்டிலிருந்து வரும் வழியில் தமக்கையைக் கடலுக்குக் கொடுத்தவர் என்று. பாய் அதைப் படித்துக் காட்டாமல் மறைக்கப் பார்த்தார். நான் பிடுங்கிப் படித்தேன். நீயா அப்படிச் சொன்னாய்?

பஞ்சாலை


மதராஸ்
2 நவம்பர் 1937

அக்காவுக்கு,

நான் சொல்லவில்லை. பத்திரிகைக்காரர் கம்பெனிக்கு வந்து, இது உங்கள் கதையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அக்காவும் நிஜமா என்றார். நிஜம்தான் என்றேன். நீ நிஜம் என்றுதான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார். கம்பெனி முதலாளி என் தோளில் கை வைத்து, பையனை அதிகம் கேட்காதீர்கள், தாங்க மாட்டான் என்றார். அதற்கப்புறம் நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். சரி, நீ திட்டு.

இதைவிடப் பெரிய விஷயம் இனிமேல்தான் எழுதப் போகிறேன். இங்கே அமிர்தலிங்கம் என்று காகித வியாபாரி ஒருவர் இருக்கிறார். படம் பார்த்துவிட்டு அவர் மனைவி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாள். அக்கா இல்லாத பிள்ளை என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினாள். அம்மா போனபிறகு உன்னைத் தவிர யாரும் எனக்கு அப்படிச் சோறு போட்டதில்லை. பிறகு அடிக்கடி போனேன். அவர்கள் மகள் மயிலம்மாளை எனக்குக் கொடுக்கிறார்கள். தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை முகூர்த்தம். யாருமில்லாத பிள்ளைக்கு நாமாவது இருப்போம் என்றுதான் கொடுக்கிறார்கள், அக்கா. நீ வந்து நின்றால் நான் இத்தனை நாள் அவர்கள் வீட்டில் தின்ற சோறெல்லாம் பொய்ச் சோறாகிவிடும்.

ஒரு வருஷம் போகட்டும். நேரம் பார்த்து நானே சொல்கிறேன். அப்புறம் உன்னை இங்கேயே கூட்டி வந்துவிடுகிறேன். இப்போது வராதே. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

வீரமுத்து


பெடாஸ்
28 டிசம்பர் 1937

தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ படிக்க முடியாதபடி எழுதியிருப்பேன். சுல்தான் பாய் இரண்டு தடவை கேட்டார், பயல் என்ன எழுதியிருக்கான் என்று. நல்லா இருக்கான், கல்யாணம் என்றேன். எப்போ கிளம்புறே என்றார். அவரிடம் பொய் சொல்ல வரவில்லை. மஞ்சள் கிழங்கும் நூலும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் வர மாட்டேன். பயப்படாதே. அந்த அம்மாள் உனக்குச் சோறு போட்டாள் என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டு என்னால் வர முடியாது. ஆனால் அம்மாவிடம் நான் கொடுத்த வாக்கை நீ தள்ளிப்போட முடியாது. ராமசாமியைத் தள்ளிப்போட்ட மாதிரி இதையும் தள்ளிப்போட எனக்கு மனசில்லை.

இதோடு ஒரு கயிறு வைத்திருக்கிறேன். நானே திரித்து, மஞ்சளில் நனைத்து, அம்மா மேட்டில் வைத்து எடுத்தது. அதன் ஒரு முனையில் முடிச்சு இருக்கிறது பார். அது என்னுடையது. மூன்றாவது முடிச்சை முதலிலேயே போட்டுவிட்டேன். தாலியை இந்தக் கயிற்றில் கோத்துக்கொள். அதற்குக் கீழே உன் இரண்டைப் போடு. யாரும் கை நீட்ட வேண்டியதில்லை. நீயும் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

பெண்ணின் பேர் நன்றாக இருக்கிறது.

பஞ்சாலை


மதராஸ்
18 பிப்ரவரி 1938

அக்காவுக்கு,

கயிறு வந்து சேர்ந்தது. அதிலேதான் கட்டினேன்.

இரண்டு முடிச்சுப் போட்டு நிறுத்தினதும் பந்தலே அமைதியாகிவிட்டது. எல்லோரும் படம் பார்த்தவர்கள். புரோகிதர் மூன்றாவதுக்கு யார் என்று திரும்பினார். என் மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "மூணாவது முடிச்சு போட்டாச்சு. எங்க அக்கா போட்டு அனுப்பியிருக்கா. அவ உயிரோட இருக்கா, பெடாஸ்ல இருக்கா."

இனி எது நடந்தாலும் நடக்கட்டும் என்று நின்றேன். என்ன நடந்தது தெரியுமா? பந்தல் முழுக்க அழுதது. மாமனார் வந்து என்னைக் கட்டிக்கொண்டு, ஆமாம் மாப்பிள்ளை, உங்கள் அக்கா எங்கும் போகவில்லை, இங்கேதான் நின்று பார்க்கிறாள் என்றார். டைரக்டர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்தில் இந்த வசனம் இல்லாமல் போயிற்றே என்றார். நிஜம், நிஜம் என்று நான் சொல்லச் சொல்ல, என்னைப் பிடித்து உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். அத்தனை பேர் நடுவில் அன்றைக்கு மாதிரி நான் தனியாக இருந்ததில்லை. ஆற்றுக்குப் போனவன் வருவான் என்று நீ சோற்றை மூடி வைத்துக்கொண்டு இருந்தாயே, அந்த நாள்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் இதைக் கேள். மறுநாள் மயிலம்மாள் என்னிடம் வந்தாள். கயிற்றை மூக்கருகே வைத்துக்கொண்டு, "மஞ்சளுக்கு அடியில ஒரு வாசனை வருதே, புளிச்ச மாதிரி. இது என்ன?" என்று கேட்டாள். நான் வாங்கி முகர்ந்தேன். எனக்குத் தெரியாதா? ரப்பர் மரத்துக் கித்தாப் பால், உன் கை வாசனை என்றேன். அவள் கயிற்றை மறுபடி முகர்ந்து பார்த்தாள். அப்புறம், "செத்தவங்க கை வாசனை அடிக்காது" என்றாள்.

நம்பிவிட்டாள், அக்கா. அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று யோசிக்கிறாள். அவர் கோபக்காரர். என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் தாலி கட்டிய நேரத்தில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுது.

வீரமுத்து


பெடாஸ்
14 மார்ச் 1938

தம்பிக்கு,

கேட்டவளிடம் சொல்.

அன்றைக்குப் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். தோளில் காண்டாக் கம்பு, இரண்டு பக்கமும் வாளி. வெயிலைப் பார்த்தேன். உங்கள் முகூர்த்தம் இந்நேரம் இருக்கும் என்று தோன்றிற்று. வாளியை இறக்கி வைத்துவிட்டு, ஒரு மரத்துக்கு முன்னால் நின்று, வெறுங்காற்றில் விரலால் ஒரு முடிச்சு போட்டேன். மண்டோர் பார்த்துவிட்டார். என்ன செய்கிறாய் என்று கேட்டார். தம்பிக்குக் கல்யாணம் என்றேன். எந்தத் தம்பி என்றார். படத்தில் வருகிறானே, அவன்தான் என்றேன். "அப்ப எனக்கும் அவன் மச்சான்தான்லா. வாளியைத் தூக்கு, பால் உறையுது" என்று சிரித்துக்கொண்டே போனார். தூக்கினேன். ஸ்டோர் வரைக்கும் யாரும் என்னோடு வரவில்லை. ஆனாலும் அன்றைக்குப் பாரம் தெரியவில்லை. சாயங்காலம் சுல்தான் பாய் கடைக்குப் போனேன், அவர் ஒன்றும் கேட்காமல் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொடுத்தார்.

நீ பந்தலில் எழுந்து சொன்னாயே, அதை நான் நிறையத் தடவை படித்துவிட்டேன். யாரும் நம்பாவிட்டால் என்ன, நீ சொன்னாய். அது போதும் என்று எழுத நினைத்தேன். போதவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

மயிலம்மாளுக்கு ஒரு சேதி. மஞ்சள் தேய்த்துக் குளிக்கக் குளிக்க அந்த வாசனை போய்விடும். ஆடிப் பதினெட்டுக்குத் தாலியைப் பிரித்துப் புதுக் கயிற்றில் கோப்பார்கள். பழைய கயிறு ஆற்றோடு போகும், அதோடு என் முடிச்சும் போகும். புதுக் கயிற்றுக்கு மூன்றாவது முடிச்சு யார் போடப்போகிறார்கள் என்று அவளைக் கேள். நீ பதில் எழுத வேண்டாம், அவளையே எழுதச் சொல்.

பஞ்சாலை